இராக்காவல் புரிந்த படத்தலைவர்

ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடிய முதற் கதைப்படம் 1906இல் ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்டதென்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவ்வாறு முந்திக்கொண்ட நாடு, பின்னர் அந்நியப் படங்களுக்கு வெறுஞ் சந்தையானது எங்ஙனம்? ரேமண்ட் லாங்போர்டு என்பாரது வரலாறு இதற்கு விடையாகும்.

1878இல் பிறந்த இவர் மாலுமியாகவும் நாடக நடிகராகவும் இருந்து, 1911இல் படமெடுக்கத் தொடங்கினார். 1913இல் படமுதலாளிகளும் கொட்டகைக்காரரும் ஒன்றுகூடிப் பெருங்கூட்டு ஒன்றை அமைத்தனர். அந்நியப் படத்தை மலிவாய் வாங்கி ஓட்டலாம். சொந்தப் படம் எடுப்பானேன் என்பது அவர்தம் கணக்கு. கிராணி வேலை பார்க்கும் நாம் அக்கணக்கிற் பிழை காண்பதற்கில்லை. ஆயினும், கொட்டகைச் சாவியை வைத்திருந்தவர் கையிலேயே கலையின் சாவியும் சென்றது.

லாங்போர்டு பணிந்தாரல்லர். அடிலெய்டு நகரத்துக் கம்பெனியொன்றின் பொருளுதவியால் அவர் இயற்றிய "தி சென்டிமென்டல் புளோக்" 1919இல் வெளிவந்தது. சி. ஜே. டென்னிஸின் செய்யுட் கதையே அதற்கு மூலம். அரண்மனையுமில்லை, இளவரசியுமில்லை. சூதிலும் குடியிலும் உழலும் பில் என்னும் போக்கிரி, ஊறுகாய்த் தொழிற்சாலையிற் புட்டிகளுக்கு லேபில் ஒட்டும் டோரீன் என்பாளைக் காதலித்துத் திருந்துகிறான், அவ்வளவே. சிட்னித் துறைமுகத்தை அடுத்த வூலூமூலூவின் மெய்யான தெருக்களிலேயே படம் பிடித்தனர். பில்லாக நடித்த ஆர்தர் டாச்சர்ட் அழகரல்லர். அதனாலேயே அப்பாத்திரம் உயிர் பெற்றதென்போம். மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

டோரீனாக நடித்த லாட்டி லயல் அம்மையாரைப் பற்றியும் கூறுதல் வேண்டும். லாங்போர்டின் வாழ்விலும் தொழிலிலும் துணைவியாயிருந்தவர் அவர். கதையமைப்பு, படத்தைத் தொகுத்தல் யாவற்றிலும் அவர் கையுண்டு. பெயரோ பெரும்பாலும் ஆடவருக்கே சென்றது! 1925இல் காசநோயால், 35ஆம் வயதில் அவர் மாண்டார். அதன்பின் லாங்போர்டின் படங்கள் பழைய தரத்தை எய்தவில்லை.

1927இல் அரசாங்கம் சினிமாத் தொழில்பற்றி விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. லாங்போர்டு அதன் முன்னின்று, கூட்டு முதலாளிகள் தம்மை நெருக்கிய வகையினை அஞ்சாது கூறினார். அறிக்கை வந்தது, வேலை வரவில்லை. பேசும்படம் வந்தபின் சிறு வேடங்கள் சில கிடைத்தன. முடிவில் சிட்னிக் கப்பல் துறையில் இராக்காவற்காரராய்ச் சம்பளம் பெற்று, 1959இல் காலமானார்.

1973இல் அப்படத்தின் நெகடிவ் ஒன்று அமெரிக்காவில், ராச்செஸ்டர் நகரத்துப் படக்காப்பகத்தில் அகப்பட்டது. அங்கே அதற்கு எழுதியிருந்த பெயர் "புளோக்" அன்று, "புளோண்ட்". அஃதாவது, பொன்னிறக் கூந்தலாள்.