கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு: ஓய்வு, தொழுகை, மூட்டு வலி – உப்பளக் கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்பளங்களை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். பாத்தி மிதிப்பது, பலகையால் உப்பு வாருவது, கூடையில் அள்ளித் தலைச்சுமையாக வரப்பில் கொண்டு போய்க் கொட்டுவது என எல்லா வேலையும் காலை நம்பியே நடக்கிறது. இப்படிப்பட்டவருக்கு எலும்பு முறிவாலோ, சர்க்கரை நோய்ப் புண்ணாலோ, விரல் எலும்பு கோணியதாலோ பாதத்தில் அறுவை சிகிச்சை நடந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். அடுத்தது, "தொழுகையை எப்படி நிறைவேற்றுவது?" இரண்டிலும் நாம் அவசரப்படுகிறோம். நன்றாக முடிந்த சிகிச்சை பல நேரங்களில் கெடுவது இந்த அவசரத்தால்தான். ஓய்வெடுக்க மருத்துவம் சொல்கிறது. அதற்கான சலுகையை மார்க்கமும் தந்திருக்கிறது.

முதல் இரண்டு வாரங்கள்

இந்த நாட்களில் முக்கியமான வேலை, காலை உயர்த்தி வைப்பது. படுத்த நிலையில் பாதம் நெஞ்சு மட்டத்தைவிட உயரமாக இருக்குமாறு இரண்டு மூன்று தலையணைகளை அடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் வீக்கம் கூடும். வீங்கிய இடத்தில் தையல் ஆறத் தாமதமாகும். கட்டு நனையக் கூடாது. பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிப்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் சில நாட்கள் ஆகலாம்.

காலை ஊன்றலாமா, எவ்வளவு ஊன்றலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும். ஊன்றக் கூடாது என்றால் கழிவறைக்குப் போகும் நான்கு அடிக்கும் அதுவே சட்டம். ஊன்றுகோலோ வாக்கரோ பயன்படுத்துங்கள். ஒரே கைத்தடி வைத்திருப்பவர்கள் அதை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். மருத்துவர் தடுக்காத பட்சத்தில் கால் விரல்களை மணிக்கொரு முறை அசைத்துக் கொண்டிருப்பது இரத்த ஓட்டத்துக்கு நல்லது.

கீழ்க்கண்ட அறிகுறிகள் தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

• காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம்.
• கெண்டைக்கால் இறுகி வீங்கி வலிப்பது.
• விரல்கள் நீலம் பாரிப்பது, மரத்துப் போவது, சில்லிடுவது.

திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்றிருக்கக் கூடும்.

உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றுமா?

"உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறிவிடும்" என்று நம் பகுதியில் சொல்வதுண்டு. மருத்துவமனையில் புண் கழுவப் பயன்படும் உப்புக் கரைசலில் உப்பின் அளவு 0.9 சதவீதம்தான். கடல்நீரில் சுமார் 3.5 சதவீதம். உப்பு படியும் பாத்தி நீரிலோ 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அந்த நீர் புதிதாக வளரும் தோலை அரித்துவிடும். சேற்றிலுள்ள கிருமிகளும் புண்ணில் சேரும். தையல் முழுமையாக ஆறி, மருத்துவர் அனுமதிக்கும் வரை பாத்தியில் கால் வைக்கக் கூடாது. அதன் பிறகும் முழங்கால் வரை மூடும் ரப்பர் பூட்ஸ் அவசியம். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. அவர்கள் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாவிட்டால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

எப்போது வேலைக்குப் போகலாம்?

எலும்பில் செய்த சிகிச்சை என்றால் எலும்பு கூடவே பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் ஆகும். சுமை தூக்கும் வேலைக்கு 3 மாதம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். வீக்கம் முழுவதும் வடிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பீடி, சிகரெட் புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும் என்பதால் இந்த நாட்களிலாவது விட்டுவிடுவது நல்லது. அப்படியே நிரந்தரமாக விட்டால் இன்னும் நல்லது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத்தில் உற்பத்தி நின்றுவிடும். அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் அக்டோபர் தொடக்கத்தில் செய்து கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். வருமானம் எப்படியும் குறையும் மூன்று மாதங்கள் ஓய்வுக்கும் ஆகிவிடும். ஆனால் எலும்பு முறிவு, ஆறாத சர்க்கரைப் புண் ஆகியவற்றை மழைக்காலம் வரை தள்ளிப் போடவே கூடாது.

தொழுகையில் உள்ள சலுகைகள்

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தந்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும்போது உட்கார்ந்து தொழுபவர் குறையுள்ள தொழுகை தொழுவதாக எண்ணி வருந்த வேண்டாம். ருகூஉக்கும் ஸஜ்தாவுக்கும் தலையைச் சாய்த்துச் சைகை செய்யலாம். ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகக் குனிய வேண்டும். மருத்துவர் நிற்க அனுமதித்த பிறகு, இயன்ற அளவு நிற்பதும் கடமைதான்.

உளூவில் மற்ற உறுப்புகளை வழக்கம்போல் கழுவிவிட்டு, கட்டுப் போட்ட பாதத்தில் ஈரக் கையால் கட்டின் மேல் மஸஹ் செய்ய வேண்டும். காலுறை மீது செய்யும் மஸஹுக்கு இருப்பது போன்ற ஒரு நாள், மூன்று நாள் வரம்பு இதற்கு இல்லை. கட்டு இருக்கும் வரை செல்லும். ஹனஃபி மத்ஹபில் இது போதுமானது. ஷாஃபி மத்ஹபில் இதனுடன் தயம்மும் செய்வதும் உண்டு. உளூ இல்லாத நிலையில் கட்டுப் போடப்பட்டிருந்தால் தொழுகையை மீட்டுவது பற்றிய சட்டமும் வரும். உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கட்டின் விவரத்தைச் சொல்லித் தெளிவு பெறுங்கள். லேசான ஈரமும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை. வீட்டில் லுஹர் தொழுதால் போதும். ரமளானில் மருந்து வேளை தவறுமானால் நோன்பை விட்டுவிட்டுக் குணமான பின் களா செய்யலாம்.

மூட்டு வலி: மாத்திரையில் கவனம்

ஒரு காலுக்கு ஓய்வு கொடுக்கும்போது மற்றக் காலின் முழங்காலும் இடுப்பும் கூடுதல் சுமை தாங்குகின்றன. பழைய மூட்டு வலி அப்போது தலைதூக்கும். வலி நிவாரண மாத்திரையைக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது நம்மிடையே அதிகம். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக் கூடியவை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் உப்பளத் தொழிலாளிக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு, வேலையிடத்தின் கடும் வெப்பத்தையும் சிலரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவு செய்துள்ளது. எனவே மருத்துவர் எழுதித் தந்த அளவையும் நாட்களையும் மீறாதீர்கள். வலிக்கும் மூட்டின் மேல் தடவும் மருந்து பலருக்குப் போதுமானதாக இருக்கும்.

தினசரி செய்யக் கூடியவை:

• நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குங்கள்; 10 முறை. தொடைத் தசை வலுவானால் முழங்காலின் சுமை குறையும். அறுவை செய்த காலில் இதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.
• விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், புதிய வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். தையல் உள்ள இடத்திலும் உணர்ச்சி குறைந்த பாதத்திலும் இரண்டும் வேண்டாம்.
• குந்தி உட்காருவதைக் குறைத்து, கழிவறையில் உயரமான இருக்கை வையுங்கள்.
• உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

காலையில் எழுந்ததும் இரு கை விரல் மூட்டுகளும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். கால் பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வலித்தால் யூரிக் அமிலம் காரணமாகலாம். இவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. தைலத்தோடு நிறுத்திவிடக் கூடாது.

எங்கே உதவி கிடைக்கும்?

முண்டியம்பாக்கம் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் எலும்பியல் பிரிவு உள்ளது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பே அட்டையைத் தயாராக வைத்திருங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஜமாஅத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். தினக்கூலி வீட்டுக்குப் போகும்போது பழத்தோடு ஒரு வாரத்து அரிசி, மளிகையையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் அடுப்பு எரிகிறது என்ற நிம்மதி இருந்தால்தான், ஆறாத காலோடு ஒருவர் பாத்தியில் இறங்காமல் இருப்பார். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.