அருவிக்கு அருகே ஒரு நகராட்சி: கொள்ளேகாலும் எரிசக்தி மேலாளர் பதவியும்

1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்த கொள்ளேகால் வட்டம், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மைசூர் மாவட்டத்தில் இருந்தபின், 1997இல் புதிதாக அமைந்த சாமராஜநகர் மாவட்டத்துக்கு மாறியது. பட்டு வளர்ப்புக்கும் பட்டு நெசவுக்கும் பெயர் பெற்ற இவ்வூரின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. இந்தியாவின் மிகப் பழைய பெரும் நீர்மின் நிலையங்களுள் ஒன்று இதன் அண்மையில் எழுந்தும், அம்மின்சாரம் இவ்வூரை நோக்கி வரவில்லை என்பதே அது.

கொள்ளேகாலுக்கு வடக்கே காவிரி இரு கிளையாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக விழும் சிவனசமுத்திரத்தில், திவான் சேஷாத்ரி ஐயரின் ஆட்சிக்காலத்தில் மைசூர் சமஸ்தானம் மின்நிலையம் ஒன்றைத் திட்டமிட்டது. சமஸ்தானத்தின் பொறியாளரான ஜோலி டி லோட்பினியர் அதற்கு வடிவம் கொடுத்தார். 1902 ஜூன் இறுதியில் அங்கிருந்து புறப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. 1905இல் பெங்களூரிலும் 1908இல் மைசூர் நகரிலும் மின்விளக்குகள் எரிந்தன. நிலையமோ ஆற்றின் இடக்கரையில், சமஸ்தானத்தின் மளவள்ளிப் பக்கத்தில் இருந்தது. கொள்ளேகால் ஆற்றுக்கு அப்பால், வேறோர் அரசின் எல்லைக்குள் இருந்தது. தங்கச் சுரங்கங்கள் நிலையான விலை கொடுத்து வாங்கும் நுகர்வோர், தலைநகரங்கள் ஆட்சியின் முகம். இவ்விரண்டில் எதுவுமாக இல்லாத ஒரு வட்டத் தலைநகருக்கு மின்கம்பி இழுக்க அக்காலக் கணக்கில் காரணம் இல்லை. கோடையில் ஆற்றின் நீர்வரத்து குறைந்தபோது சுரங்கங்களுக்கு மின்சாரம் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும், 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

சென்னை மாகாணத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் நிலைமை மாறவில்லை. அரசின் மின்துறை 1927இல்தான் அமைக்கப்பட்டது. நீலகிரியின் பைகாரா நிலையம் 1932இலும் மேட்டூர் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கி, சமவெளியில் இருந்த ஆலை நகரங்களுக்கு மின்சாரம் கொடுத்தன. திம்பம் மலைப்பாதைக்கு அப்பால் மேட்டுநிலத்தில் இருந்த கொள்ளேகால், மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூரிலிருந்து நிலத்தாலும் போக்குவரத்தாலும் தள்ளியே இருந்தது.

நகராட்சிக்கும் மின்சாரத்துக்கும் சட்டம் வகுத்த உறவு இங்கே கவனிக்கத் தக்கது. 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், மின்வழங்கும் உரிமத்தை உள்ளாட்சி மன்றமும் பெறலாம் என்றது; தனியார் கம்பெனி உரிமம் பெற்றிருந்தால், குறித்த காலம் முடிந்ததும் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கும் உரிமையையும் உள்ளாட்சிக்கு அளித்தது. அதாவது, ஊரின் மின்சாரத்தை ஊரே நடத்தலாம் என்பது அச்சட்டத்தின் எண்ணம். அப்படி நடத்தும் நகராட்சிக்கு மின்பொறியாளர் தேவைப்படுவார். 1948ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலந்தோறும் மின்வாரியங்களுக்கு வழி செய்தபின் இந்த எண்ணம் படிப்படியாகத் தேய்ந்தது. உற்பத்தியும் வழங்கலும் வாரியத்திடம் திரண்டன, நகராட்சி வெறும் நுகர்வோர் ஆனது. கர்நாடகத்தில் 1999இல் தொடங்கிய மின்துறைச் சீர்திருத்தமும் இதை மாற்றவில்லை. இன்று கொள்ளேகாலுக்கு மின்சாரம் வழங்குவது மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாமுண்டீஸ்வரி மின்வழங்கல் நிறுவனம்; அதற்கு நகராட்சியும் ஒரு கட்டணதாரர், அவ்வளவே.

நகராட்சியின் மின்செலவு பெரும்பாலும் இரண்டு இனங்களில் அடங்குகிறது: தெருவிளக்கு, குடிநீர் ஏற்றம். கர்நாடக மின்கட்டண அட்டவணையில் இவ்விரண்டும் எல்.டி.-6 என்னும் ஒரே தாழ்வழுத்தத் தலைப்பில் வருகின்றன. பெரிய நீரேற்று நிலையங்கள் உயரழுத்தப் பிரிவில் சேரும். பத்து லட்சம் லிட்டர் நீரை 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாத பொறியில் ஏறத்தாழ 136 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 விழுக்காட்டுத் திறனில் ஓடினால் 195 யூனிட்டும், தேய்ந்துபோய் 50 விழுக்காட்டில் ஓடினால் 272 யூனிட்டும் செலவாகும். தண்ணீர் வருகிற வரையில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. கட்டணச் சீட்டில் மட்டுமே தெரியும், அதுவும் படிக்கத் தெரிந்தவருக்கு. தேவைக்கு மேல் ஒப்புக்கொண்ட உச்ச மின்தேவைக்கு மாதந்தோறும் செலுத்தும் நிலைக்கட்டணம், மோட்டார்கள் வாங்கும் மின்னோட்டத்தில் பயன்படாத பங்கு மிகும்போது விதிக்கப்படும் மின்திறன் காரணி அபராதம் ஆகியவையும் இத்தகையவையே. இவற்றை மாதந்தோறும் பார்த்து, பம்பு வாரியாகக் கணக்கு வைத்து, எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்பவரே எரிசக்தி மேலாளர்.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேலைநாட்டு ஆலைகளிலும் உள்ளாட்சிகளிலும் பரவிய இப்பதவி, இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தால் சட்ட வடிவம் பெற்றது. அதன்படி 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. எரிசக்தி மேலாளர்களுக்கும் எரிசக்தித் தணிக்கையாளர்களுக்கும் தேசியத் தகுதித் தேர்வும் ஏற்பட்டது. ஆனால் மேலாளரைக் கட்டாயம் நியமிக்க வேண்டிய நுகர்வோரைத் தேர்ந்தெடுப்பதற்கான பட்டியலில் இரும்பு, சிமெண்டு, உரம், சர்க்கரை, ரயில்வே முதலியன இடம்பெற்றனவே தவிர, நகராட்சிகள் இடம்பெறவில்லை. சட்டம் பதவியை உருவாக்கியும், இரவெல்லாம் விளக்கெரித்துப் பகலெல்லாம் நீரேற்றும் அமைப்புக்கு அது எட்டவில்லை.

இந்தக் குறையைப் பணியகம் பதினோராம் ஐந்தாண்டுத் திட்டத்தில் வேறு வழியில் ஈடுசெய்ய முயன்றது. நகராட்சி மின்தேவை மேலாண்மைத் திட்டம் என்ற பெயரில் நாடெங்கும் 175 உள்ளாட்சிகளை எடுத்துக்கொண்டு, முதலீடு செய்ய அடிப்படையாகும் எரிசக்தித் தணிக்கைகளையும் திட்ட அறிக்கைகளையும் தயாரிக்க நிதி கொடுத்தது. அறிக்கைக்குப் பணம் வந்தது; அதை நிறைவேற்றும் ஆளுக்கு வரவில்லை. அடுத்த ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது 15 இடங்களில் மாதிரித் திட்டங்கள் என்று சுருங்கியது. 2015 ஜூனில் தொடங்கிய, மத்திய அரசின் நகர்ப்புற வளர்ச்சித் திட்டமான அம்ருத் எரிசக்தித் தணிக்கையைச் சீர்திருத்தங்களுள் ஒன்றாக்கி, சீர்திருத்தங்களை நிறைவேற்றும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையும் வைத்தது. ஆயினும் அது ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 500 நகரங்களையே முதன்மையாகக் குறிவைத்ததால், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 57,000 மக்களே வாழ்ந்த கொள்ளேகால் அதற்கு வெளியே நின்றது.

தமிழ்நாட்டில் இதே சிக்கலுக்கு வேறு விடை தேடப்பட்டது. ஆலந்தூர், அம்பத்தூர், ஆவடி, பல்லாவரம், தாம்பரம் உள்ளிட்ட சென்னைப் புறநகர் நகராட்சிகள் ஏழில், 2000களின் பிற்பகுதியில், எரிசக்திச் சேவை நிறுவனம் என்னும் ஏற்பாடு வந்தது: தனியார் நிறுவனம் தன் பணத்தில் விளக்கையும் கருவியையும் மாற்றி, மிச்சமாகும் கட்டணத்திலிருந்து முதலை எடுத்துக்கொள்ளும். 2015இல் மத்திய அரசு தொடங்கிய தெருவிளக்குத் திட்டமும் இதே வழியைப் பின்பற்றியது. இம்முறையில் மிச்சம் எவ்வளவு என்பதை நகராட்சியின் சார்பில் அளந்து சரிபார்க்க ஒருவர் வேண்டும். அவர் இல்லாத இடத்தில் நிறுவனத்தின் கணக்கே இறுதிக் கணக்காகிவிடும் என்பது இதன் வெளிப்படையான பலவீனம்.

கர்நாடகத்தின் நிதி ஏற்பாட்டில் இன்னுமொரு முடிச்சு உண்டு. மாநில நிதி ஆணைய மானியத்தில் ஒரு பகுதி உள்ளாட்சிகளின் மின்கட்டணத்துக்கென்றே தனியே ஒதுக்கப்படுகிறது. கட்டணம் நிலுவையாகி விளக்கு அணையாமல் இருக்க இது உதவினாலும், சேமித்த பணம் நகராட்சியின் கைப்பணமாகத் தோன்றாததால், சேமிக்கும் தூண்டுதல் தளர்ந்துபோகிறது. இதற்கு மாறாக, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பெரும்பாலும் நீர்மின்சாரத்தையே விற்கும் மாகாண மின்நிறுவனம், நகராட்சிகள் போன்ற பெரிய நுகர்வோர் எரிசக்தி மேலாளரை அமர்த்த ஊதியத்தின் ஒரு பங்கை மானியமாகத் தந்தது. விற்பவரே வாங்குவதைக் குறைக்கப் பணம் கொடுப்பது முரணாகத் தோன்றலாம். புதிய மின்நிலையம் கட்டுவதைக் காட்டிலும் அது மலிவு என்பதே அதன் கணக்கு.

2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத்தின் இரண்டாம் கட்டம் குடிநீர்த் திட்டங்களைச் சட்டபூர்வ நகரங்கள் அனைத்துக்கும் விரித்ததால், கொள்ளேகால் அளவிலான ஊர்களுக்கும் பம்புகளும் குழாய்களும் வரும் வாய்ப்பு பெருகியிருக்கிறது. பம்பு கூடினால் மின்கட்டணமும் கூடும். கர்நாடக நகராட்சிகளின் பணியமைப்பில், திடக்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் சுற்றுச்சூழல் பொறியாளர் என்னும் பணியிடம் நிலைபெற்றிருப்பது, புதிய கடமையோடு புதிய பதவியையும் அரசு தர முடியும் என்பதற்குச் சான்று. எரிசக்திக்கு அத்தகைய விதி எழுதப்படாத நிலையில், நீரேற்று நிலையத்தின் கட்டணச் சீட்டு குடிநீர்ப் பிரிவின் பொறியாளர் மேசைக்கும் கணக்கர் மேசைக்கும் இடையே செலுத்த வேண்டிய தொகையாக மட்டுமே கைமாறுகிறது.