கொன்றுண்ணிக்குக் கேட்கும்படி: இரைவிலங்குகளின் அபாயக்குரல் பற்றி

முதுமலையிலும் பந்திப்பூரிலும் புலியின் நடமாட்டத்தை முதலில் காட்டிக்கொடுப்பவை அதன் இரைவிலங்குகளே. புள்ளிமானின் கூர்மையான கூவல், கடமானின் கனத்த ஒலி, மரத்தின் மேலிருந்து வரும் மந்தியின் குரைப்பு ஆகியவை கேட்கும் திசையை வைத்தே வேட்டைத் தடுப்புக் காவலர்கள் புலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணித்துவிடுவார்கள். இக்குரல்களுக்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம், ஆபத்தைக் கண்ட விலங்கு தன் கூட்டத்தாரை எச்சரிக்கிறது என்பது. இவ்விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இது மட்டும் போதாது. பதுங்கித் தாக்கும் கொன்றுண்ணியைக் கண்டு எழுப்பப்படும் குரல் முதன்மையாக அந்தக் கொன்றுண்ணிக்கே சொல்லப்படுகிறது என்பதும், குரல் கொடுப்பதே ஒரு தற்காப்பு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கூட்டத்தை எச்சரிக்கும் விலங்கு தன்னையும் காட்டிக்கொள்கிறது. அந்த இழப்பை அது ஏன் ஏற்க வேண்டும்? 1964இல் வில்லியம் ஹாமில்டன் முன்வைத்த உறவுத்தேர்வுக் கோட்பாடு இதற்கு விடை தந்தது: காப்பாற்றப்படும் உறவினரின் உடலிலும் குரல் கொடுத்ததன் மரபணுக்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் பெல்டிங் தரையணில்களை ஆராய்ந்த பால் ஷெர்மன், அருகில் உறவினரைக் கொண்ட பெண் அணில்களே மிகுதியாகக் குரல் கொடுப்பதை 1977இல் காட்டினார். அந்த அணில்களைப் பொறுத்தவரை இச்சான்று உறுதியானது. அதை அப்படியே நம் காட்டு மான்களுக்குப் பொருத்துவதில்தான் சிக்கல். புள்ளிமான் கூட்டம் நிலையான குடும்பம் அன்று. சேர்வதும் பிரிவதும் அதில் ஓயாமல் நடக்கும். கடமான் பெரும்பாலும் தனித்தோ, குட்டியுடனோ, சிறு குழுவாகவோ திரிவது. கேளையாடோ தனிமையிலேயே வாழ்வது. எச்சரிக்க அருகில் எவரும் இல்லாதபோதும் கேளையாடு நெடுநேரம் விடாமல் குரைக்கிறது. உறவினரைக் காப்பது மட்டுமே அதன் நோக்கமென்றால் இந்த உழைப்புக்குப் பொருளில்லை.

புலியின் பக்கமிருந்து பார்த்தால் பொருள் புலப்படும். புலியும் சிறுத்தையும் நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடுபவை அல்ல. மறைவில் நெருங்கி, கடைசிச் சில பாய்ச்சலில் இரையைப் பிடிப்பவை. இரை தன்னைக் கண்டுவிட்டது என்று தெரிந்த பிறகும் காத்திருப்பது அவற்றுக்கு வீண். ஆகவே ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்ற செய்தியால் இருவருக்குமே நன்மை: மானுக்கு உயிர் மிஞ்சுகிறது, புலிக்கு நேரமும் ஆற்றலும் மிஞ்சுகின்றன. இச்செய்தி பொய்யாகாதா என்ற கேள்வி எழும். குரல் மட்டும் இருந்தால் ஐயப்பட இடமுண்டு. ஆனால் மான் புலி இருக்கும் புதரையே நேராகப் பார்த்து, காதுகளை முன்னே திருப்பி, முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி அடிப்புற வெண்மையைக் காட்டி நிற்கிறது. பார்க்காத புலியை நோக்கி எந்த மானும் இப்படி நிற்க முடியாது.

மிகத் தெளிவான சான்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஐவரி கோஸ்ட்டின் தை காட்டில் கிளாஸ் சூபர்பூலரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிறுத்தையைக் கண்ட குரங்குகள் உரக்கக் குரல் கொடுத்தன; ரேடியோ பட்டை அணிந்த சிறுத்தையோ அக்குரல்களைக் கேட்டபின் பதுங்கிய இடத்தை விட்டு அகன்றது. அதே குரங்குகள் சிம்பன்சிகளை உணர்ந்தால் ஒலியின்றி நழுவிவிடுகின்றன. மரத்தில் ஏறித் துரத்திப் பிடிக்கும் சிம்பன்சிக்கு இரையின் குரல் வழிகாட்டியாகிவிடும். கூட்டத்தை எச்சரிப்பது மட்டுமே நோக்கமென்றால் இரண்டு ஆபத்துகளுக்கும் குரல் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. எதிரே இருப்பது யார், அது எப்படி வேட்டையாடும் என்பதே குரலைத் தீர்மானிக்கிறது.

கலிஃபோர்னியத் தரையணிலின் நடத்தை இதைவிட வியப்பானது. கிலுகிலுப்பை விரியனுக்கு முகத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. அதை எதிர்கொள்ளும் அணில் வாலை ஆட்டும்போது வாலின் வெப்பத்தையும் கூட்டுகிறது. அத்தகைய குழிகள் இல்லாத கோஃபர் பாம்பின் முன் வாலை ஆட்டினாலும் வெப்பத்தைக் கூட்டுவதில்லை. ஆரன் ரண்டஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட இந்த ஆய்வில், வெப்ப வால் கொண்ட எந்திர அணிலைக் கண்ட விரியன்கள் தாக்கும் நிலையிலிருந்து தற்காக்கும் நிலைக்கு மாறின. பக்கத்து அணிலால் உணர முடியாத ஒரு குறிப்பு, உணரக்கூடிய பகைவனுக்கு மட்டும் அனுப்பப்படுகிறது. செய்தி யாருக்கு என்பதில் இங்கே ஐயத்துக்கு இடமே இல்லை.

துரத்தி வேட்டையாடும் விலங்குகளிடம் ‘பார்த்துவிட்டேன்’ என்பது எடுபடாது. ஏ. ஜே. டி. ஜான்சிங் 1970களில் பந்திப்பூரில் ஆராய்ந்த செந்நாய்கள் கூட்டமாக ஓடி வேட்டையாடுபவை. தம்மை இரை பார்த்துவிட்டதற்காக அவை திரும்பிப்போக வேண்டிய கட்டாயமில்லை. இத்தகைய பகைவருக்குச் செய்தியின் உள்ளடக்கமே மாற வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கத் தாம்சன் நவ்வி நான்கு கால்களையும் விறைத்து மேலெழும்பித் துள்ளுவது அப்படிப்பட்ட செய்தி: ‘துரத்தினாலும் பிடிக்க மாட்டாய்’. கிளேர் ஃபிட்ஸ்கிப்பனும் ஜான் ஃபான்ஷாவும் 1988இல் காட்டியபடி, காட்டுநாய்கள் குறைவாகத் துள்ளும் நவ்விகளையே தேர்ந்து துரத்தின. பதுங்கி வரும் சிவிங்கிப்புலியைவிடத் துரத்தும் காட்டுநாய்களின் முன்தான் இத்துள்ளல் மிகுதி. உடல் வலுவில்லாத நவ்வியால் இதை நடிக்க முடியாது என்பதால், விலைமிக்க குறிப்பே நம்பத்தக்கது என்று 1975இல் அமோட்ஸ் சகாவி வைத்த வாதம் இங்கே நன்கு பொருந்துகிறது.

மறுதரப்பின் வலுவான சான்று கென்யாவின் அம்போசெலியிலிருந்து வருவது. சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகிய மூன்றுக்கும் வெர்வெட் குரங்குகள் வெவ்வேறு குரல் கொடுப்பதையும், கேட்ட குரங்குகள் அதற்கேற்ப மரமேறுவதையும் வானத்தைப் பார்ப்பதையும் தரையை உற்று நோக்குவதையும் செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் மெய்ப்பித்தனர். இனத்தவர் குரலால் பயன்பெறுவதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் பயன்பெறுபவர் எல்லோருக்காகவும் அக்குரல் உருவானது என்று ஆகாது. மந்தியின் குரல் கேட்டு மானும், மானின் குரல் கேட்டு வேட்டைத் தடுப்புக் காவலரும் பயன்பெறுகிறார்கள். மந்தி மானுக்காகக் குரைக்கிறது என்று நாம் சொல்வதில்லை. ஓர் இனத்தில் இரு நோக்கங்களும் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் தனியே அளந்து காண வேண்டியது.

அந்த அளவீடுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. குரல் கேட்டபின் கூட்டம் என்ன செய்தது என்பது கண்ணுக்குத் தெரியும், எனவே பதிவாகும். புதருக்குள் கிடந்த புலி என்ன செய்தது என்பது தெரியாது, எனவே பதிவாகாது. கூட்டத்தை எச்சரிக்கும் விளக்கம் இவ்வளவு காலம் தனியாட்சி செய்ததற்கு இந்தப் பார்வைக் குறையும் ஒரு காரணம் என்பது என் முடிவு. முதுமலையிலும் ஆனைமலையிலும் களப்பணி செய்யும் இளம் ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, ரேடியோ பட்டை ஆகியவற்றை ஒரே இடத்தில் இணைத்து, ஒவ்வொரு அபாயக்குரலுக்கும் பின் கொன்றுண்ணி எத்திசையில், எவ்வளவு விரைவில் நகர்ந்தது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். தனித்திருக்கும் கேளையாட்டிலிருந்து அதைத் தொடங்குவது நல்லது.