பூனைச் சளி: பழி ஒரு கிருமி மேல, காரணம் வேற

போன மாசம் வீடு மாறினோம். ஒரு வாரத்துல எங்க பூனை தும்ம ஆரம்பிச்சுது. கண்ணுல தண்ணி, மூக்கடைப்பு, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கல. "தடுப்பூசி போட்டும் இப்படியா?"ன்னு கோபத்தோட படிக்க உட்கார்ந்தேன். கிடைத்தது ஒரு பழைய டீபக்கிங் கதை.

1942. அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பேக்கர், நிமோனியா வந்த பூனைகளிடமிருந்து ஒரு "வைரஸை" பிரித்தெடுத்ததாக அறிவித்தார். அந்த நோய்க்குப் பூனை நியூமோனைட்டிஸ் என்று பெயர் வந்தது. அதுக்கப்புறம் பல வருஷம், பூனைக்குச் சளின்னாலே பழி இது மேலதான்.

இது ஏன் முதலில் சிக்கியது? அன்று கிருமி வளர்க்க இருந்த முக்கிய வழிகள் சுண்டெலியும் கோழி முட்டைக் கருவும். இது ரெண்டிலயும் வளரும். பூனைச் செல்லில் மட்டும் வளர்கிற கிருமி அந்த டெஸ்ட்டில் தெரியவே தெரியாது. லாக்ல இல்லைன்னா பக்கே இல்லைன்னு நாம சொல்றோமே, அந்த மாதிரி.

1949-ல் எண்டர்ஸ் குழு போலியோ வைரஸைச் செல் வளர்ப்பில் வளர்த்துக் காட்டியதும் நிலைமை மாறியது. 1957-ல் நியூசிலாந்தில் ஃபாஸ்டியர் ஒரு பூனை வைரஸைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் கலிசிவைரஸ். அடுத்த வருஷம் அமெரிக்காவில் க்ராண்டெல், மாரர் இருவரும் இன்னொன்றை அறிவித்தார்கள்: பூனை ஹெர்பெஸ். பெரும்பாலான பூனைச் சளிக்கு இந்த ரெண்டும்தான் காரணம்.

பேக்கர் பிடிச்சது? அது வைரஸே இல்ல. செல்லுக்குள் புகுந்து மட்டுமே பெருகும் கிளாமிடியா என்ற பாக்டீரியா. முழு நிரபராதின்னும் சொல்ல முடியாது, கண் நோய்க்கு இன்னைக்கும் அது ஒரு காரணம். ஆனா வித்தியாசம் பெருசு: ஆன்டிபயாடிக் கிளாமிடியாவுக்குக் கேட்கும், வைரஸுக்குக் கேட்காது.

என் கோபத்துக்குப் பதில் ஹெர்பெஸில் இருந்தது. பூனை தேறிய பிறகும் அது முகத்து நரம்பு முடிச்சில் படுத்துக்கிடக்கும். வீடு மாறினா, புதுப் பூனை வந்தா, அந்தப் பதற்றத்தில் திரும்ப எழும். தடுப்பூசி நோயின் வேகத்தைக் குறைக்கும். உள்ளே இருப்பதை வெளியே துரத்தாது. எங்களுது தெருவில் எடுத்த குட்டி. ஊசிக்கு முன்னாடியே தொத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

இப்ப மீனைச் சூடாக்கி வாசம் காட்டினா சாப்பிடுது. பழைய வீட்டுப் போர்வையை இன்னும் துவைக்கல, அதுலதான் தூங்குது.