தெருவொலிப் பதிவு

தெருவொலிப் பதிவு என்பது ஒரு நகரத்தின் அன்றாட ஒலிகளை, அவை எழும் இடத்திலேயே, ஒத்திகையோ இசைச் சேர்க்கையோ இன்றிப் பதிவு செய்வதாகும். விற்பவரின் கூவல், தொடர்வண்டி நிலைய அறிவிப்பு, தேவாலய மணி, கடைக்கதவை இழுத்து மூடும் ஓசை முதலியன இதில் அடங்கும். இது களப்பதிவின் ஒரு பிரிவு எனலாம். பறவையொலி பதிபவர் தெருச் சத்தத்தை இடையூறாகக் கருதுவார். இங்கு அவ்விடையூறே பதிவின் பொருள். பயணிகள் பலர் ஒளிப்படம் எடுப்பது போலவே இதனையும் செய்து வருகின்றனர்.

வரலாறு

செருமானிய இயக்குநர் வால்ட்டர் ருட்மன் 1930 இல் பெர்லின் நகர ஒலிகளைத் திரைப்படச் சுருளின் ஒலித்தடத்தில் பதிந்து, படமே இல்லாத "வார இறுதி" என்னும் ஆக்கத்தை உருவாக்கினார். 1950களில் நாக்ரா போன்ற, தோளில் மாட்டிச் செல்லத்தக்க நாடாப் பதிவுக் கருவிகள் வந்தபின் இப்பணி எளிதாயிற்று.

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் மரி சேஃபர் (1933–2021) தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டம் இதனை ஓர் ஆய்வுத் துறையாக்கியது. இக்குழு 1973 இல் வான்கூவர் நகர ஒலிகளின் தொகுப்பை வெளியிட்டது. 1990களில் அந்நகரம் மீண்டும் பதியப்பட்டதால் இரு காலத்தையும் ஒப்பிட்டுக் கேட்க முடிகிறது. எப்போதும் ஒலிப்பதால் ஊரார் கவனிக்காத ஒலியை அடிநாத ஒலி என்றும், ஓர் ஊருக்கே உரிய ஒலியை அடையாள ஒலி என்றும் சேஃபர் வகைப்படுத்தினார்.

அயலார் செவி

அடிநாத ஒலியை முதலில் கேட்பவர் பெரும்பாலும் வெளியூரார். சேஃபர் குழுவைச் சேர்ந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1992 இல் புதுதில்லிக்கு வந்தபோது தெருவில் விற்போரின் குரல்களைப் பதிந்து, பின்னர் 1997 இல் அவற்றைத் தம் ஒலியாக்கம் ஒன்றில் பயன்படுத்தினார். இத்தகைய கூவல் பெரிதும் மறைந்துவிட்ட நாட்டிலிருந்து வருபவரை அது ஈர்ப்பது இயல்பே. ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் அயலாருக்குக் கேட்கும். விற்கப்படுவது பழைய தாளா, காய்கறியா, அக்குரல் எந்த வேளைக்கு உரியது என்பன அத்தெருவில் வாழ்பவருக்கே தெரியும். எனவே உள்ளூர்வாசி ஒருவரிடம் கேட்டுக் குறிப்பெழுதுதல் பதிவின் ஒரு பகுதியாகும். இடம், நாள், நேரம், கருவி ஆகியன குறிக்கப்படாத பதிவு ஆய்வாளருக்கு அதிகம் பயன்படாது.

பதியும் முறை

தெருவில் வாகன ஒலிப்பான் எந்நேரமும் எழலாம். இலக்கமுறைப் பதிவில் உச்ச அளவைத் தாண்டிய ஒலி சிதைந்துவிடும், அதனைப் பின்னர் மீட்க இயலாது. ஆகவே வழக்கமான உச்சங்கள் −12 டெசிபெல் அருகே இருக்குமாறு அளவைக் குறைத்து வைப்பர். ஒலிவாங்கிக்குக் காற்றுத்தடுப்பு உறை இன்றியமையாதது. எம்பி3 வடிவம், உரத்த ஒலியால் மறைக்கப்படும் மெல்லொலிகளைக் கணித்து நீக்குவதாலேயே கோப்பைச் சிறிதாக்குகிறது. தெருவொலியில் அம்மெல்லொலிகளே வேண்டப்படுவதால் சுருக்கப்படாத வேவ் வடிவமே ஏற்றது. ஓரிடத்தில் சில நிமிடங்களேனும் அசையாது நிற்க வேண்டும். நடந்துகொண்டே பதிந்தால் பதிபவரின் காலடியும் உடையின் உரசலும் மற்றவற்றை மூடிவிடும்.

சட்டம்

தனிமனித உரையாடல் பதிவாவது இதில் எழும் முதன்மைச் சிக்கலாகும். செருமானியக் குற்றவியல் சட்டத்தின் 201 ஆம் பிரிவின்படி, பொதுவெளிக்கென்று பேசப்படாத சொற்களை ஒப்புதலின்றிப் பதிவது குற்றமாகும். அவை தெருவில் பேசப்பட்டன என்பதால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது. நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதால் பயணிகள் முன்னரே அறிந்து செல்வது நன்று. கூவி விற்பவரின் குரல் ஊரறிய எழுப்பப்படுவது எனினும், அருகில் நின்று பதிவதாயின் அவரிடம் கேட்டுப் பதிவதே முறை.