அடங்காத எழுத்து

கம்ப்யூட்டர் எழுத்தைச் சீராக்கிவிட்டது என்றே நானும் நம்பிக்கிட்டிருந்தேன். 1989இல் நெதர்லாந்தின் எரிக் வான் ப்ளோக்லாண்டும் யுஸ்ட் வான் ரோசுமும் உருவாக்கிய பேயோவுல்ஃப் எழுத்துரு இந்நம்பிக்கையைக் கட்டுடைக்கிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலில் கோடிழுக்கும் கட்டளைகளுக்குப் பதிலாகத் தங்கள் கட்டளையொன்றை வைத்தார்கள். அச்சுப்பொறிக்குள் எழுத்தின் புள்ளிகள் ஒரு வரம்புக்குள் தற்செயலாக நகர்ந்தன. ஒரு பக்கத்திலேயே ஒரு 'ஏ' போல இன்னொரு 'ஏ' இல்லை. ஈய அச்சில் தேய்ந்த எழுத்து செய்ததும் இதைத்தான். அங்கே தேய்மானம், இங்கே திட்டம். பின்னால் வந்த மென்பொருள்கள் அந்த மாறுதலை முடக்கின. 2011இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவ்வெழுத்துருவைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. எந்திரத்தின் ஒழுங்கு என்பதே யாரோ எழுதிவைத்த கட்டளைதான். அதை மாத்தி எழுத முடியும்னா, 'சரியான எழுத்து' யாருடையதுன்னு கேக்கத்தானே வேணும்?