பேர் போட்டவர்கள் கையேந்திய காலம்

இரப்பவரை எடைபோடும் சட்டம் இலங்கைக்கு 1841இல் வந்தது. உழைக்க உடல்வலு இருந்தும் வேலைக்குப் போகாமல் பிச்சையெடுப்பவர் அந்த நாடோடிகள் கட்டளைச் சட்டப்படி குற்றவாளி. அதற்கு முன்னோடியான 1824ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம், பொய் சொல்லித் தர்மம் திரட்டுவோரையும் தனியாகக் குறித்துத் தண்டித்தது. சோம்பேறி, ஏமாற்றுக்காரர், நிஜமாகவே இயலாதவர். கொடுப்பவர் மனதிலும் ஏறத்தாழ இதே தராசுதான்.

1973–74 பஞ்சத்தில் அந்தத் தராசு உடைந்தது.

உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. பிரதமர் சிறிமாவோவின் அரசு அரிசிப் பங்கீட்டைக் குறைத்தது. மாவும் சீனியும் எட்டாத விலைக்குப் போயின. கிராமத்தாருக்குக் கொஞ்சம் காணியாவது இருந்தது, மரவள்ளி நட்டுச் சமாளித்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், இருந்தவர்களுக்கு ஏது மண்? தோட்டத்தில் வேலைநாளும் குறைந்தது. ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான கூலி; அரைப்பேர் சம்பளத்தில் ஒரு குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? ஹட்டன் போன்ற மலையக நகரங்களின் தெருக்களில் தோட்டத்து ஆட்கள் கையேந்தினார்கள். 1974இல் தோட்டங்களின் இறப்பு விகிதம் நாட்டின் சராசரியை வெகுவாகத் தாண்டியது.

‘கை கால் நல்லாத்தானே இருக்கு?’ என்ற வழக்கமான கேள்விக்கு இவர்களிடம் நேர்மையான பதில் இருந்தது: வேலை செய்துதான் பட்டினி. செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர், தெருவில் பார்ப்பவர் கண்ணுக்குச் சோம்பேறிப் பிச்சைக்காரர்! இந்த அபத்தத்தை 1841இல் சட்டம் எழுதியவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதற்குள் பசி பலரின் முடிவை மாற்றியிருந்தது. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி இந்தியா போகத் தயங்கி நின்ற குடும்பங்களும் தலைமன்னாரில் கப்பலேறின.